மானியத்தில் வண்டிக்கு இடமில்லை

காப்பகமும் இல்லமும் நடத்துகிற உங்களில் பாதிப் பேர் என் உடம்பை விசாரிக்க வருவதில்லை என்று எனக்குத் தெரியும். பணம் கொடுக்கிறவர்கள் போடும் விதிகளைப் பற்றிப் புலம்ப உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். நான் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேன், காபியும் கிடைக்கும். போன வாரம் வந்த பெண் ஒருத்தி, "மேடம், கட்டடம் கட்டப் பணம் தர்றாங்க, அதுக்குள்ள வேலை பாக்கிறவங்களுக்குச் சம்பளம் தர மாட்டேங்கிறாங்க, இது என்ன நியாயம்?" என்று கேட்டு மூக்கைச் சிந்தினாள். நியாயம் இல்லைதான். ஆனால் இதை உங்கள் காலத்தில் புதிதாக முளைத்த கொடுமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் அது முதன்முதலில் முளைத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு முதல் வேலை கிடைத்ததே அதனால்தான். அந்த வேலை போனதும் அதனால்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருஷம், நான் கடலூரிலிருந்து வந்து நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு கிரெஷ்ஷில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கிரெஷ் என்றால் குழந்தைகள் காப்பகம். மில்லில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் ஷிப்டு முடியும்வரை அங்கே இருப்பார்கள். அதை ஒரு தர்ம சபை நடத்தியது. சபை என்றால் ஏழெட்டுப் பெரிய மனிதர்கள், எல்லோருக்கும் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் ஒருவருக்கும் வராது. புது சர்க்காரோ மானியத்துக்கு மனு, அறிக்கை எல்லாம் இங்கிலீஷில் டைப் அடித்துக் கேட்டது. எனக்கு டைப் அடிக்கத் தெரியும். என்னை வேலைக்கு எடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது, என் முகத்தைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

சபைத் தலைவரை எல்லோரும் முசியே என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சில் ஐயா என்பதுதான் அது. கோர்ட்டில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த தமிழர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். என்னை மத்மசேல் என்பார், கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், தப்பாக டைப் அடித்தால்கூட அந்த மரியாதை குறையாது. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நாற்பது வருஷத்தில் நான் பார்த்த தலைவர்களில் அவரைப் போல நல்லவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் மானியத்துக்கு சுப்வான்சியோன் என்று பெயர். முசியே வருஷத்துக்கு ஒருமுறை கடற்கரைப் பக்கத்து அலுவலகத்துக்குப் போவார், துரையோடு கை குலுக்குவார், கொஞ்சம் வைன் குடிப்பார், மொத்தமாகப் பணம் வந்துவிடும். எதற்குச் செலவு செய்தாய் என்று யாரும் நோண்ட மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் முசியே, ஊர் இந்தியாவோடு சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று எங்கேயோ வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம். அந்த வருஷம் பணம் வரவில்லை, பிள்ளைகள் பாலுக்குப் பதில் கஞ்சி குடித்தார்கள். ஆகவே விதிகளே இல்லாத பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். முகம் பார்த்துக் கொடுக்கிற கை, முகம் பார்த்து மூடிக்கொள்ளவும் செய்யும். புது சர்க்கார் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லதுதான்.

அவர்கள் பார்த்தது கணக்குத் தலைப்புகளை. எங்களைப் போன்ற காப்பகத்துக்கு மூன்று தலைப்புகள். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா ஒருவர், எழுத்து வேலைக்குக் குமாஸ்தா ஒருவர். ஒவ்வொரு சம்பளத்திலும் பாதியை சர்க்கார் தரும், மறுபாதியை சபை போட வேண்டும். ஆசிரியையும் ஆயாவும் இல்லாவிட்டால் மானியமே கிடையாது. பால்பவுடர் தனியாக மூட்டையில் வந்துவிடும். இந்த மூன்றுக்கு வெளியே எதற்குச் செலவு செய்தாலும் அது சபையின் சொந்தப் பணத்தில்தான். கடைக்காரர்களிடமும் கோயில் திருவிழாவிலும் மாதா கோவில் வாசலிலும் திரட்டிய சபையின் பணமோ, வாடகையும் விறகும் போக, அந்த மூன்று பாதிகளுக்கே சரியாக இருந்தது.

இப்போது வண்டி. கிரெஷ் ஊரின் ஒரு பக்கம், மில் இன்னொரு பக்கம், தாய்மார்களின் குடிசைகள் இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் ஓரத்தில். பிள்ளையை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினால் சங்கு ஊதிவிடும், மில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ஆரம்ப நாளிலிருந்தே எங்கள் கிரெஷ்ஷில் ஒரு வழக்கம் இருந்தது, பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வண்டி போகும். பழைய புஷ்புஷ் வண்டி அது. ஆள் பின்னால் நின்று தள்ள, துரைமார் முன்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியது. அதில் நாற்காலியைக் கழற்றிப் பலகை அடித்துக் கம்பி கட்டியிருந்தார்கள். ஷிப்டு மாறும்போதெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டு அஞ்சலை வீடு வீடாகப் போவாள். வேலைக்குக் கிளம்புகிறவளின் பிள்ளையை ஏற்றிக்கொள்வாள், வேலை முடிந்து வந்தவளின் பிள்ளையை இறக்கி விடுவாள். விடியுமுன் ஆரம்பித்தால் இருட்டும்வரை நடைதான்.

அஞ்சலை ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். வாய் நிறைய வெற்றிலை, வெற்றிலையைத் துப்பினால் வசவு. பிள்ளைகளைத் திட்டுவாள், தாய்களைத் திட்டுவாள், குறுக்கே வரும் சைக்கிள்காரனைத் திட்டுவாள். பிள்ளைகள் அதைத் தாலாட்டுப் போலக் கேட்டுக்கொண்டு வண்டியில் தூங்கும்.

மானிய விதியில் வண்டிக்குத் தலைப்பு இல்லை. டில்லியில் உட்கார்ந்து எழுதினவர்களுக்குக் காப்பகம் என்றால் பிள்ளைகள் தாமாக வந்து சேர்ந்திருக்கும் இடம். அஞ்சலையை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று சபையில் சிலர் சொன்னார்கள். முசியே சம்மதிக்கவில்லை. உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் மகளோடு இருக்கக் காரைக்காலுக்கே போய்விட்டிருந்தாள். ஆயா என்று ஒரு தலைப்பு காலியாக இருக்கிறதே, அதில் அஞ்சலையைப் போட்டுவிடுவோம் என்றார். எல்லோருக்கும் மனம் லேசாகிவிட்டது. ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று காபி குடித்துக் கலைந்தோம். அடுத்த வாரம் அஞ்சலை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுக்க ஆயா கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. வண்டி கொட்டகையில் போய் நின்றது.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். யாருக்கும் வேலை போகவில்லை. ஒரு வேலைதான் போயிற்று. அந்த வேலையைச் செய்தவளுக்கு வேறு பெயரில் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அது போனது எங்கள் கண்ணில் படவில்லை. அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது, நான்தான் டைப் அடித்தேன். ஆசிரியை உண்டு, ஆயா உண்டு, குமாஸ்தா உண்டு. பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆவணி போய்ப் புரட்டாசி வரும்போது பாதிப் பாய்கள் சுருட்டியபடியே இருந்தன. தாய்மார்கள் தங்களுக்குத் தெரிந்த வழிகளைத் தேடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மூத்த பெண்ணை நிறுத்தி வீட்டில் வைத்தார்கள், அல்லது அக்கம்பக்கத்தில் யார் கையிலாவது ஒப்படைத்தார்கள்.

தனம் என்று ஒருத்தி. மில்லில் பதிலி வேலை, அதாவது நிரந்தரக்காரி வராத அன்று கூப்பிட்டால்தான் கூலி. புருஷன் இல்லை. ராணி என்று நடக்கக் கற்றுக் கொஞ்ச நாளான ஒரு பெண் குழந்தை. வண்டி நின்ற பிறகு அவள் குழந்தையைப் பக்கத்துக் குடிசையில் கண் தெரியாத ஒரு பெரியவரிடம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருந்த காலையில் ராணி எழுந்து நடந்திருக்கிறாள். வாய்க்கால் பலகையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, விழுப்புரம் பஸ் போகிற ரோட்டுக்கே போய்விட்டாள். பஸ் பிரேக் போட்டதில் உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்களாம். கண்டக்டர் இறங்கிக் குழந்தையைத் தூக்கிப் போலீசில் கொடுத்தார். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் குடிசை குடிசையாக விசாரித்து மில்லுக்கு ஆள் அனுப்பினார். தனம் ஓடுகிற இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஷிப்டு நடுவில் வெளியே வந்தாள். வந்தவளை அதன்பிறகு மில் கூப்பிடவில்லை.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். முசியேயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அஞ்சலை முன்னால் போய் நின்றாள்.

"உள்ள ஒக்காந்துகிட்டு யாருக்குக் காவல் இருக்கறே? பாய்க்கா?"

அஞ்சலை எழுந்து வந்தாள். குழந்தையின் காலில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். தனம் குழந்தையின் காலை வெடுக்கென்று விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சபை கூடியது. சபைப் பொருளாளர் துணிக்கடைக்காரர், காரியத்தில் கெட்டி. "இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? எழுத்துல ஆயாவா இருக்கட்டும். வண்டிய தள்ளிக்கிட்டுப் போகட்டும். அதிகாரி வர்ற அன்னிக்கு உள்ள ஒக்காரச் சொல்லிட்டாப் போச்சு. ஊருல எல்லாரும் இப்படித்தான் செய்யுறாங்க," என்றார்.

உண்மையில் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முசியே கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டி போகும்போது ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யாரைப் பிடிப்பார்கள்? உங்களையா, என்னையா?" என்று கேட்டார். "கட்டடத்தில் இருக்க வேண்டிய ஆயா ரோட்டில் ஏன் இருந்தாள் என்று அஞ்சலையைத்தான் பிடிப்பார்கள். பொய் நம்முடையது, விலங்கு அவளுடையது. கோர்ட்டில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். வேண்டாம்."

இந்த வேலைக்கு வந்த பிறகு எத்தனையோ பேர் இப்படி ஒன்றை வேறொன்றாக எழுதச் சொல்லி என்னிடம் நின்றிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்பார்கள், பெரும்பாலும் அது நல்ல காரியமாகத்தான் இருக்கும். அப்போதெல்லாம் நான் நேர்மையைப் பற்றி லெக்சர் அடித்ததில்லை. பிடிபட்டால் யார் பெயர் முன்னால் வரும் என்று மட்டும் கேட்பேன். அநேகமாகக் கையெழுத்துப் போடுகிறவர் பெயர் வருவதில்லை.

மானிய அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர், சின்ன வயசு, வில்லன் இல்லை. முசியேயும் நானும் போய் வண்டிக்கு ஒரு தலைப்பு கேட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எழுதி அனுப்புறேன் சார். ஆனா டில்லியில படிச்சு, சேர்த்து, திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் சேர்ந்துடும்," என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு வழி இருக்கு. மூணு தலைப்புல ஒண்ணு வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா, அதுக்குன்னு நீங்க போடுற பாதி உங்க கையிலயே இருக்கும். அதை எதுக்குச் செலவு பண்றீங்கன்னு நாங்க கேக்க மாட்டோம். மானியம் தவணையாத்தான் வருது. அடுத்த தவணைக்கு முன்னாடி எழுதிக் குடுங்க. டீச்சர்தான் இங்கிலீஷ் நல்லா எழுதுறாங்களே."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் ஆசிரியை மெட்ராஸில் படித்தவர். அவருக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கவனித்திருந்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் வழியில் முசியே ரிக்‌ஷாவில் கைத்தடியைத் தட்டிக்கொண்டே வந்தார். கிரெஷ் வாசலில் இறங்கியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மத்மசேல், இதை நான் தீர்மானிக்கப்போவதில்லை. சபையும் தீர்மானிக்காது. வேலை உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார்.

நான் வேண்டாம் என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை. கடலூரில் அப்பா ஆஸ்துமாவோடு படுத்திருந்தார், என் சம்பளத்தில்தான் மருந்து. அழகான வாக்கியங்கள் பேசுகிறவர்கள் பேசட்டும், அடுத்தவள் பிள்ளைக்காகத் தன் அப்பாவின் மருந்தை விட்டுக் கொடுக்க யாருக்கும் சட்டென்று மனசு வராது. முசியே தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே குட் மார்னிங், அதே மத்மசேல். அவர் முகத்தில் ஏதாவது வருத்தம் தெரிந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், நான் தப்பித்திருப்பேன். ஒன்றுமே தெரியவில்லை.

அந்த வாரம் தனத்தின் குழந்தையுடைய சட்டை ஒன்று எங்களிடம் கிடந்ததைக் கொடுக்கலாம் என்று வாய்க்கால் ஓரம் போனேன். சட்டை ஒரு சாக்குத்தான், நான் எதையோ பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. தனம் வீட்டில் இல்லை. மில் வாசலில் மேஸ்திரி காலில் விழப் போயிருந்தாள். குடிசைக்குள் ராணி உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் பழம்புடவைக் கிழிசல் ஒன்றைச் சுற்றி, மறுமுனையை நடுக்கம்பில் கட்டியிருந்தது. இறுக்கமாக இல்லை, நன்றாக விரல் நுழையும்படி பார்த்துத்தான் கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் பொரி. குழந்தை அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து எழுந்து வந்தது, துணி எட்டுகிற தூரம் வரை வந்து நின்றுகொண்டது.

நான் கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்திருந்தால் அது எங்கே போகும்? சட்டையை வைத்துவிட்டு வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். குமாஸ்தாப் பணி இனித் தேவையில்லை, அந்தத் தலைப்பில் மானியம் வேண்டாம் என்று சபையின் பேரில் நானே எழுதினேன். வாழ்க்கையில் நான் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்த தாள் அது ஒன்றுதான். அடித்து முடித்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, டீச்சர் வந்து தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு அழுதேன்.

மறுநாள் முசியே தாளைப் படித்தார். ஒருமுறை, "நிச்சயமாகத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டே, நல்ல செய்தியை முதலில் அஞ்சலையிடம் சொல்லிவிடுவோம் என்று அவளைக் கூப்பிட்டார். என் சம்பளத்தில் சபை போட்ட பாதி, அஞ்சலை முன்பு வண்டிக்கு வாங்கிக்கொண்டிருந்த கூலிக்கு ஏறக்குறையச் சமம். ஆயா வேலைக்கு வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது.

"அஞ்சலை, இனிமேல் நீ உன் வண்டிக்கே போகலாம்," என்றார் முசியே. அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

அஞ்சலை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் போவல முசியே."

"ஏன்? பழைய சம்பளத்துக்குக் குறையாது."

"அதெத்தான் சொல்றேன். இப்ப வாங்குறது அதெவிடக் கூட. போன மாசம் ஜுரம் வந்து படுத்துட்டேன், சம்பளம் புடிக்கல. என் ஆயுசுல படுத்துக்கிட்டு நான் சம்பளம் வாங்குனது அப்பத்தான். இந்த முட்டிய வச்சிக்கிட்டு வெயில்லயும் மழையிலயும் எத்தினி வருஷம் தள்ளியிருப்பேன்? இப்பத்தான் ஒரு எடத்துல ஒக்காந்திருக்கேன். அதெ புடுங்கிட்டு வண்டிய குடுக்கிறீங்க. நான் வண்டி வேணும்னு கேட்டேனா?"

"உனக்கு வண்டிதான் பிடிக்கும் என்று..." என்று முசியே ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"புள்ளைங்களப் புடிக்கும். வண்டியப் புடிக்கும்னு யாரு சொன்னா? என்னெ உள்ள போட்டப்பவும் யாரும் கேக்கல. வெளிய தள்றப்பவும் யாரும் கேக்கல."

முசியே பேனாவை மூடினார். பிறகு எழுந்து தன் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். அந்த நாற்காலியில் சபை மெம்பர்களைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அஞ்சலையும் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. இப்போது கேட்கிறேன். என்ன செய்யலாம், சொல்லு," என்றார்.

அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாளாகவே தயாராக வைத்திருந்த பதில்போல இருந்தது.

"நான் ஆயாவாவே இருக்கேன். வண்டிக்குத் தனத்த வையுங்க. மில்லும் போச்சு, பாவம். பெத்த புள்ளைய வண்டியில வச்சுத் தள்ளுறவ மத்ததுங்களத் தவற வுட மாட்டா. எந்தெந்த வூடுன்னு நான் காட்டிக் குடுக்கறேன்."

அப்படியே ஆயிற்று. முசியே கையெழுத்துப் போட்டார், தாள் போயிற்று, மானியத்தில் மூன்று தலைப்பு இரண்டானது. தனம் வண்டி தள்ள ஆரம்பித்த மாதமே சுருட்டிக் கிடந்த பாய்கள் விரிந்துவிட்டன. நான் கொஞ்ச நாள் கடலூரில் சும்மா இருந்தேன், பிறகு ஒரு வக்கீல் வீட்டில் பாதிச் சம்பளத்துக்கு டைப் அடித்தேன். அப்பாவின் மருந்தில் ஒன்றைக் குறைத்தோம், அதற்காக எனக்கு ரொம்ப நாள் முசியே மேல் கோபம் இருந்தது. அடுத்த சில வருஷங்களில் இந்த ஊரில் சபைகள் பெருகின, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா தேவைப்பட்டது, நானும் மறுபடி இந்தத் தொழிலுக்கே வந்து சேர்ந்தேன். பிறகு என் கையாலேயே எத்தனையோ தலைப்புகளைச் சேர்த்திருக்கிறேன், நீக்கியிருக்கிறேன். விதி மாறும்போது ஒரு வேலை பிறக்கும், ஒரு வேலை சாகும், அதைத் தடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் முதலில் போய் நிற்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மற்றவர்கள் என்னைப் பிடிவாதக்காரி என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் இதனால்தான்.

நான் கிரெஷ்ஷை விட்டுக் கிளம்பிய அன்று அஞ்சலை மதியப் பால் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று மடித்து நீட்டினாள். நான் போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் வாங்கிக்கொண்டேன். டைப்ரைட்டரை மூடிவிட்டு வந்ததில் எனக்குக் கண் கலங்கியிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"உன்னெ கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க."

"முன்னாடியே கேட்டாங்களா, எல்லாத்தியும் முடிவு பண்ணிட்டு அப்புறம் கேட்டாங்களா?"

"முன்னாடியேதான். வேணாம்னு சொல்லக்கூட வுட்டாங்க."

அஞ்சலை சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தடவினாள்.

"அதான் ஒனக்கு அழுவ வருது," என்றாள். "எனக்குக் கோவம்தான் வந்துச்சு."

அதற்குள் மூலையில் ஒரு குழந்தை எழுந்து சிணுங்க ஆரம்பித்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதனிடம் போனாள்.